கைத்தடி வழுக்குகிறது, காது மிஷின் கீச்சிடுகிறது, ரேகை விழவில்லை: பெரியவர்கள் உள்ள வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு தேய்மானங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று உடம்பு, இன்னொன்று அந்த உடம்பு நம்பியிருக்கும் சாமான். கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்து சறுக்கினாலும், காது மிஷினில் குறும்பி அடைத்துக்கொண்டாலும், வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: "வயசாயிடுச்சு." அந்த ஒரு வார்த்தையில் சரிசெய்யக்கூடிய பல கோளாறுகள் புதைந்துபோகின்றன. அதனால் கீழே பெரும்பாலான பதில்களில் முதலில் சாமானைப் பார்க்கச் சொல்கிறோம். உடம்பை முதலில் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே அதை அழுத்தியே சொல்லியிருக்கிறோம்.

கைத்தடி வைத்திருந்தும் அப்பா சறுக்குகிறார். புதுத் தடி வாங்க வேண்டுமா?

தடியைத் தலைகீழாகத் திருப்பி அடி ரப்பரைப் பாருங்கள். சர்ஜிக்கல் கடைகளில் இதை ரப்பர் புஷ் என்பார்கள். புதிதாக இருக்கும்போது அடியில் வட்ட வட்டமாக வரிப்பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் மறைந்து வழவழவென்று ஆகியிருந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தாலோ, உள்ளிருக்கும் குழாயின் விளிம்பு தட்டுப்பட்டாலோ புஷ்ஷை மாற்றினால் போதும், தடியை மாற்ற வேண்டியதில்லை. தடியின் அடிக்குழாய் பொதுவாக 16, 19 அல்லது 22 மி.மீ. குறுக்களவில் இருக்கும். அளக்கச் சிரமம் என்றால் தடியையே கடைக்கு எடுத்துப் போங்கள். அரை அளவு பெரிய புஷ்ஷைத் துணி சுற்றி மாட்டுவது வேண்டாம். நடக்கும்போது அது கழன்று கொள்ளும்.

பழையதைத் திருகித் திருகி இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். புதியதை மாட்ட உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்தாலே போதும். எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் காயாது, ரப்பரையும் இளக்கிவிடும். மாட்டியபின் தடியைத் தரையில் நாலு முறை ஓங்கிக் குத்தி, குழாய் புஷ்ஷின் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பர் நன்றாக இருந்தும் சறுக்கினால் தூசிதான் காரணம். வாசலில் போட்ட கோலமாவு, முகப்பவுடர், விபூதி எல்லாம் ரப்பரில் படிந்து மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

ரப்பர் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் தடியின் உயரம் தவறு என்று பொருள். வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டு, நேராக நின்று, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் ரேகை எந்த உயரத்தில் வருகிறதோ அங்கேதான் கைப்பிடியின் மேற்பகுதி இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். உயரத்தை மாற்றும் அலுமினியத் தடியாக இருந்தால், பித்தான் துளைக்கு வெளியே முழுவதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதி வெளிவந்த பித்தான், உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும் அந்த ஒரு நொடியில் உள்ளே போய்விடும். லொடலொடச் சத்தம் வந்தால் அதன் கீழுள்ள வளையத்தை இறுக்குங்கள்.

வலிக்கும் கால் பக்கம்தானே தடியைப் பிடிக்க வேண்டும்?

இல்லை, எதிர்ப்பக்கம். வலது முட்டி வலித்தால் இடது கையில் தடி. வலது கால் முன்னே போகும்போது தடியும் சேர்ந்து போக வேண்டும். அப்போதுதான் அந்தக் காலில் இறங்கும் பாரத்தைத் தடி பங்குபோட்டுக்கொள்ளும். வலிக்கும் பக்கமே பிடித்தால் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து வலி கூடும்.

படியில்: ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு தடியும் வலிக்கும் காலும். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில், பிறகு நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை எப்போதும் அதன்மேல் இருக்கட்டும்.

கண்ணாடி போட்ட பிறகுதான் படியில் தடுமாற்றம் அதிகமாகியிருக்கிறது. பவர் தப்பா?

பவர் சரியாகவே இருக்கலாம். ஒரே கண்ணாடியில் தூரம், கிட்டம் இரண்டும் இருக்கும் பைஃபோகல், புரொக்ரெஸிவ் கண்ணாடிகளில் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அது சுமார் ஒன்றரை அடி தூரத்துக்கு அமைந்தது. படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் அந்தப் பகுதி வழியாகத்தான் படியைப் பார்ப்போம். படியோ ஐந்தடி கீழே இருக்கிறது. விளிம்பு மங்கி, படி இருக்கும் இடம் மாறித் தெரியும். தலையையே குனிந்து, தாடையை மார்புப் பக்கம் இறக்கி, மேல்பகுதி வழியாகப் பார்க்கப் பழக வேண்டும். வெளியே நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. இந்தச் செலவு வீண் அல்ல. படிகளின் விளிம்பில் தரையின் நிறத்துக்கு மாறான பட்டை ஒன்று பெயின்டில் அடித்துவிடுங்கள்.

கண்ணாடியின் காது அடிக்கடி கழன்று விழுகிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

வேண்டாம். உடனொட்டும் பசையின் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். துடைத்தாலும் போகாது. அதோடு கீல் மடங்காமல் இறுகிவிடும்.

கழல்வது பெரும்பாலும் கீலில் உள்ள சிறு ஸ்க்ரூதான். கண்ணாடிக் கடையில் இறுக்கித் தருவார்கள். வீட்டில் செய்வதானால் வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள், விழுந்த ஸ்க்ரூ கண்ணில் படும். வாட்ச் ரிப்பேருக்கான சிறு ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கமாகத் திருப்பி, காது விறைப்பாகவும் அல்லாமல் தளர்ந்தும் ஆடாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூவின் தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் மீண்டும் கழல மாதங்கள் ஆகும். வைக்கும்போது லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பு, வேட்டி முனை, டிஷ்யூ தாள் என்று உலர்வாகத் துடைப்பதுதான் லென்ஸைக் கீறுகிறது. முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மீண்டும் தண்ணீர், கடைசியாக மெல்லிய பருத்தித் துணி. இதே வரிசையில் செய்யுங்கள்.

பாட்டிக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிகிறது. பார்வை திரும்பிவிட்டதா?

சந்தோஷப்படும் முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்புரை லென்ஸின் நடுப்பகுதியில் முற்றும்போது கிட்டப்பார்வைப் பக்கம் பவர் நகரும். அதனால்தான் சில மாதங்களுக்குப் படிப்பது எளிதாகிறது. தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் அதே சமயத்தில் மங்கியிருக்கும்.

சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் மாறிக் காட்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் ஆகும்வரை புதுக் கண்ணாடிக்கு அளவு எடுக்காதீர்கள். எடுத்தால் அந்தக் கண்ணாடி பிறகு பொருந்தாது.

திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால், மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிந்தால், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழித்திரை விலகலாக இருக்கலாம். இங்கே கண்ணாடியைச் சோதித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

காது மிஷின் கீச்சென்று கத்துகிறது.

மிஷினிலிருந்து காதுக்குள் போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து, மீண்டும் மைக்கில் ஏறும்போதுதான் அந்தக் கீச்சு வருகிறது. ஆகவே கசிவு எங்கே என்று தேட வேண்டும். முதலில் கழற்றிச் சரியாக உட்காரும்படி மீண்டும் மாட்டுங்கள். அடுத்து காதில் குறும்பி இருக்கிறதா என்று காது டாக்டரிடம் காட்டுங்கள். குறும்பிச் சுவரில் மோதிச் சத்தம் திரும்பி வருவதுதான் பல வீடுகளில் காரணம். இரண்டும் இல்லையென்றால் காதுக்குள் போகும் அச்சு தளர்ந்திருக்கும். உடல் மெலிந்தவர்களுக்குக் காதின் வடிவமும் மாறும், அச்சை மறுபடி எடுக்க வேண்டும். காதின் பின்னால் மாட்டும் வகையில் ஒளிபுகும் குழாய் ஒன்று இருக்குமே, அது மஞ்சளாகி விறைத்தால் வெடிப்பு வழியாகச் சத்தம் கசியும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லுங்கள்.

புது பேட்டரி போட்டும் இரண்டே நாளில் தீர்கிறது. சில நேரம் சத்தமே வரவில்லை.

காது மிஷின் பேட்டரி காற்றை உள்ளிழுத்து வேலை செய்வது. மேலே ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்ததும், துளைகள் வழியாகக் காற்று போய்த்தான் மின்சாரம் உண்டாகிறது. அதனால் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. உரித்த நொடியே மூடிவிடுவது ஒன்று. உரித்தபின் ஓரிரண்டு நிமிடம் திறந்தபடி வைத்துவிட்டு உள்ளே போடுங்கள். மற்றொன்று, "தயாராக இருக்கட்டும்" என்று நாலைந்தை உரித்து வைப்பது. உரித்தது மிஷினில் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். தாளைத் திரும்ப ஒட்டினாலும் பெரிய பயன் இல்லை.

அளவைத் தாளின் நிறத்தால் அடையாளம் காணலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எந்த நிறுவனத்துக்கும் இதே நிறங்கள்தான். கடைக்குப் போகிறவரிடம் எண்ணோடு நிறத்தையும் சொல்லி அனுப்புங்கள்.

சத்தமே வராவிட்டால் காதுக்குள் போகும் முனையில் உள்ள குறும்பித் தடுப்பு வலையைப் பாருங்கள். கடுகளவே இருக்கும். அடைத்திருந்தால் மிஷின் உயிரோடிருந்தும் ஊமைதான். மிஷினோடு தந்த சிறு தூரிகையால், முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தேயுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் தூசி உள்ளேதான் விழும். தண்ணீர், ஸ்பிரிட், ஊசி எதுவும் கூடாது.

சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வைதான் பெரிய எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன, மாற்ற வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்க்குமுன் மிஷினைக் கழற்றிவிடுங்கள், எண்ணெய் மைக் துளையில் இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது. பேரக்குழந்தை உள்ள வீட்டில் பயன்படுத்திய பேட்டரியைக் கைக்கெட்டும் இடத்தில் போடாதீர்கள்.

பல்செட் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

எல்லாத் துண்டுகளையும், சின்னச் சில்லு உள்பட, ஒரு டப்பாவில் போட்டுப் பல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சுத்தமாக உடைந்ததை லேப்பில் இணைத்துத் தருவார்கள். வீட்டில் பசை போட்டு ஒட்டினால் விளிம்புகள் அரை மி.மீ. விலகி உட்காரும். பிறகு லேப்பில் பொருத்த முடியாமல் புது செட்டே செய்ய வேண்டிவரும். பசை ஈறையும் புண்ணாக்கும்.

இனி உடையாமல் இருக்க, கழுவும்போது வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். வெந்நீர் ஊற்றினால் பல்செட் வளைந்துவிடும். பற்பசையில் உள்ள துகள் கீறிவிடும், அந்தக் கீறலில் அழுக்கு சேரும். மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு, பச்சைத் தண்ணீர் போதும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காய்ந்தால் வடிவம் மாறும், ஈறுக்கும் ஓய்வு வேண்டும்.

ஆடத் தொடங்கிய செட்டுக்குக் காரணம் செட் அல்ல. பல் இல்லாத தாடை எலும்பு வருடா வருடம் கொஞ்சம் கரைகிறது. உட்புறத்தில் புது அடுக்கு வைத்து இறுக்கித் தரலாம். வீட்டில் பஞ்சு வைத்துச் சமாளிக்காதீர்கள்.

இரண்டு மூன்று பல் மட்டும் கொண்ட சிறு செட் காணாமல் போய், அதோடு தொண்டையில் வலியோ விழுங்க முடியாமையோ இருந்தால் விழுங்கிவிட்டதாகவே கருதி மருத்துவமனைக்குப் போங்கள். பல்செட்டின் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்றாலும் செட் காணவில்லை என்பதைத் திரும்பவும் சொல்லுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி டப்பாவில் போட்டுக் கொடுக்கிறோம். சரிதானா?

அட்டையோடு வெட்டிய ஒற்றை மாத்திரைக்கு நான்கு கூர்முனைகள் உண்டு. பார்வை மங்கியவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள் அதை அட்டையோடு விழுங்கிவிடுவது உண்மையிலேயே நடக்கிறது. உணவுக்குழாயைக் கிழிக்கக்கூடியது அது. வேளை டப்பாவில் போடுவதானால் உரித்து மாத்திரையை மட்டும் போடுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரம் படக்கூடாது என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் வேளைக்கு வேளை உரித்துக் கொடுங்கள். கடையில் பாதி அட்டை வாங்கினால் காலாவதித் தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் அந்தப் பக்கத்தைக் கடைசியாக வெட்டுங்கள்.

பி.பி. மிஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது. பழுதா?

மிஷினைக் குறை சொல்லுமுன் ஆறு விஷயம் பாருங்கள். புஜத்தில் சுற்றும் பட்டை போதிய அளவா? உள்ளே காற்று ஏறும் பை புஜத்தின் சுற்றளவில் எண்பது சதவீதமாவது சுற்றிவர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். கை எங்கே இருக்கிறது? பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தால் சுமார் 8 புள்ளி கூடும். ஆகவே மடியில் வைக்காமல் மேஜையில் தலையணை போட்டு வையுங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும், பேசிக்கொண்டே பார்த்தாலும், அரைமணிக்குள் காப்பி குடித்திருந்தாலும் எண் ஏறும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்து எழுதுங்கள். பேட்டரி தளர்ந்தாலும் பை முழுதாக ஊதாமல் 'எரர்' வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் துள்ளினால், அல்லது இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று மிஷின் குறி காட்டினால், இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

சர்க்கரை பார்க்கும் மிஷினும் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டும், அதற்கு ஓர் அளவு உண்டு. இப்போதைய சர்வதேசத் தரப்படி 100க்கு மேல் 15 சதவீதம் கூடக் குறையக் காட்டலாம். உண்மையில் 200 இருப்பதை 170 என்றோ 230 என்றோ காட்டினால் பழுதில்லை. மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் 300கூடக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள், துடைக்காத ஈரம் ரத்தத்தை நீர்க்கச் செய்து எண்ணைக் குறைக்கும். ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்களை அவற்றின் சொந்த டப்பாவிலேயே மூடி வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம். 70க்குக் கீழே காட்டி, வியர்த்து நடுங்கினால் மறுசோதனைக்குக் காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

படுத்தபடி ஒருமுறையும், எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் பி.பி. பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். பி.பி. மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை இதைச் செய்யும். அளவையோ வேளையையோ அவரே மாற்றுவார், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை கட்டிலின் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழட்டும். இரவில் கழிவறை தூரமென்றால் கட்டிலருகே யூரின் கேன் வைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

விழுந்துவிட்டார். உடனே தூக்கி உட்கார வைக்கலாமா?

கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எல்லோரும் செய்வது, அதில்தான் தோள்பட்டை பிசகுகிறது, விரிசல் விட்ட எலும்பும் முழுதாக முறிகிறது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே வலி, தலையில் அடிபட்டதா, கையும் காலும் அசைகின்றனவா என்று கேளுங்கள். இடுப்பு மடிப்பில் வலி, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிவுதான். அசைக்காமல் போர்வை போர்த்தி 108ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஸ்கேன் தேவை. மெல்லக் கசியும் ரத்தம் சில நாள், சில வாரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். அந்த நாள்களில் தலைவலி, தூக்கக்கலக்கம், குழப்பம் வந்தால் மறுபடியும் ஓட வேண்டும்.

அடி ஒன்றும் இல்லையென்று தெரிந்தால் அவரே எழ உதவுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, பிறகு கையும் முட்டியுமாகத் தவழும் நிலைக்கு வரட்டும். ஆடாத மர நாற்காலி ஒன்றை முன்னால் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் அதன் இருக்கையில் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, எழும்பி, நீங்கள் இன்னொரு நாற்காலியைப் பின்னால் தள்ளியதும் உட்காரட்டும். ஒவ்வொரு நிலையிலும் மூச்சுவாங்க நேரம் கொடுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் முட்டிக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாற்காலி பிளாஸ்டிக்காக இருந்தால்?

பிளாஸ்டிக் நாற்காலியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. வழவழத் தரையில் பின்னங்கால்கள் விரிந்து சறுக்கும். மொட்டைமாடியிலும் வாசலிலும் வெயில் குடித்த நாற்காலி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மொறுமொறுத்திருக்கும். கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறதா, காலும் இருக்கையும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் குளிக்கிற இடத்துக்குக் கூடப் போட வேண்டாம், அகற்றிவிடுங்கள்.

குளியலறையில் பிடித்துக்கொள்ளத் துண்டு மாட்டும் கம்பி இருக்கிறது. போதாதா?

போதாது. அது ஈரத் துண்டின் எடைக்குப் போட்டது. டைல்ஸும் பூச்சும் சேர்ந்து மூன்று செ.மீ. அளவுக்கு இருக்கும். குட்டை ஸ்க்ரூ செங்கல்லைத் தொட்டிருக்காது. பிடிகம்பிக்கு 75 மி.மீ. ஸ்க்ரூவும் அதற்கேற்ற பிளக்கும் போட்டுச் செங்கல் வரை இறக்கச் சொல்லுங்கள். போட்டபின் நீங்கள் உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். காற்று உறிஞ்சி ஒட்டும் வகைக் கம்பி சொல்லாமல் கழன்று வரும்.

உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் போடுங்கள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். எண்ணெய்க் குளியலன்று அவர் குளித்து வந்ததும் தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தவர் போக வேண்டும்.

செருப்பின் வார் கழன்றால் ஊக்குக் குத்திக்கொண்டு நடக்கிறார்.

சர்க்கரை உள்ளவருக்கு இது ஆபத்து. கால் மரத்திருந்தால் ஊக்கு திறந்து பாதத்தில் ஏறியதே தெரியாது, புண் சீழ்பிடித்த பிறகுதான் துர்நாற்றம் சொல்லும். வார் துளை தளர்ந்தால் செருப்பையே மாற்றுங்கள். மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) அடி கொண்ட, குதிகாலில் பட்டை உள்ள செருப்பு நல்லது. கல்யாணத்துக்கு என்று பீரோவில் வைத்த பாலியூரிதேன் அடிச் செருப்பு, போடாமலே இருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் சிதையும். வருடக்கணக்கில் வைத்ததை வெளியூர்ப் பயணத்துக்கு எடுக்குமுன் வீட்டுக்குள் கால்மணி நேரம் நடந்து பாருங்கள். அடி பொடிப்பொடியாக உதிர்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கையில் பிடித்த டம்ளர் அடிக்கடி நழுவுகிறது.

இங்கே முதலில் உடம்பு. இன்றைக்குத் திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் தளர்ந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம். 108ஐ உடனே அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் வாய்ப்பு. தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல வந்தது என்றால், கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் கையை உதறினால் சரியாகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது அது, சிகிச்சை உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் உலர்ந்த தோலும் வழவழ எவர்சில்வரும் சேர்ந்து செய்கிற வேலை. விளிம்புள்ள டம்ளரில் முக்கால் மட்டும் ஊற்றுங்கள். கரண்டிக் காம்பில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினால் பிடிமானம் கிடைக்கும்.

ரேஷன் கடையில் ரேகை விழவில்லை, போனும் விரலைக் கேட்கவில்லை.

வயதாக ஆகத் தோல் உலர்ந்து, ரேகையின் மேடு தட்டையாகிறது. பாத்திரம் தேய்த்த கைக்கு இன்னும் மோசம். முந்தின இரவு தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி, காலையில் சோப்பில் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். எண்ணெயோடு வைத்தால் கருவியின் கண்ணாடி வழுக்கும். பத்து விரலையும் முயலச் சொல்லுங்கள், பெருவிரலைவிட மோதிரவிரல் சிலருக்கு நன்றாகப் பதியும். ஆதார் சேவை மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்து வைத்தால் கருவிழி வழியாகவும் பார்க்கலாம். 70 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் இருக்கும் அட்டைக்குப் பொருளை வீட்டிலேயே தர, தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. கடையில் கேட்டுப் பாருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களின் வாழ்வுச் சான்றுக்கு 2021 முதல் போனில் முகத்தைக் காட்டியே பதியும் வசதி உண்டு.

போன் திரைக்கு நகநுனி தெரியாது. விரலின் சதைப்பகுதியை ஈரத்துணியில் லேசாகத் தொட்டுவிட்டு அழுத்துங்கள். மேலே ஒட்டிய கண்ணாடி தடிமனாக இருந்தால் மாற்றுங்கள். அமைப்புகளில் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்பதை நீட்டி வைத்தால் வேண்டாத பெட்டிகள் திறப்பது குறையும்.

மோதிரமும் மெட்டியும் கழலவில்லை, விரல் வீங்குகிறது.

விரல் நீலமாகியிருந்தால் முயலாமல் மருத்துவமனைக்குப் போங்கள், வெட்டும் கருவி அங்கே இருக்கும். இல்லையென்றால் கையை ஐந்து நிமிடம் தலைக்குமேல் உயர்த்தி, குளிர்ந்த நீரில் வைத்து, சோப்புத் தடவி முயலுங்கள். அடுத்தது நூல்முறை: பட்டுநூலின் ஒரு முனையை மோதிரத்துக்கடியில் கையின் பக்கமாக இழுத்துவைத்து, மறுமுனையை மோதிரத்தை ஒட்டி நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே கணுவைத் தாண்டுங்கள். பிறகு கைப்பக்க முனையைப் பிடித்து அவிழ்த்தால், ஒவ்வொரு சுற்றும் அவிழ மோதிரமும் நகரும். மெட்டிக்கு, கால் வீக்கம் வடிந்திருக்கும் விடியற்காலையே நல்ல நேரம். பத்தரிடம் போனால் வெள்ளி மெட்டியை நொடியில் வெட்டித் தருவார், திரும்ப ஒட்டியும் தருவார். பல வருடம் கழற்றாத மெட்டிக்கடியில் புண் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேஸ் கசிந்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை.

மோப்பம் வயதோடு குறையும். ஆகவே மூக்கை நம்பாத ஏற்பாடு வேண்டும். ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், குமிழ் கிளம்பினால் கசிவு. படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடுவது பழக்கமாகட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். கசிவைக் கண்டறியும் கருவி வாங்கினால் தரைக்கு அருகே மாட்டுங்கள். கசிந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னல், கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, அம்மாவை வெளியே அழைத்து வந்தபின் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906ஐ அழையுங்கள். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அடுப்பங்கரைக்கு வெளியே, வாசல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.